‘வெரி குட்’டை வைத்துக் கட்டை செதுக்க முடியாது

எங்கள் பட்டறைக்கு ரைஃபிள் கேட்டு வருகிறவர்கள் முதலில் செய்ய வேண்டிய காரியம், தரையில் குப்புறப் படுப்பது. அதற்காகவே கதவோரம் ஒரு பழைய கம்பளத் துண்டு விரித்திருக்கும். வந்தவர் டாக்டராக இருந்தாலும் சரி, மாட்டுப் பண்ணைக்காரராக இருந்தாலும் சரி, என் முதலாளியம்மா ஹெதர் கம்பளத்தைக் காட்டி, “முதலில் படுங்கள், பார்க்கலாம்” என்பார். வந்தவர் சுவரில் வரிசையாக நிற்கும் துப்பாக்கிகளை ஒரு தடவை ஏக்கத்தோடு பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் படுப்பார்.

இப்போது இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் போன மாதம் ஆக்லாந்தின் எல்லர்ஸ்லியில் நடந்த ஒரு பிறந்தநாள் விருந்து. கணினி வேலையில் இருக்கும் ஒரு தம்பி, கையில் போனோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“அங்கிள், நீங்க கன் ஷாப்ல இருந்தீங்களாமே? லாங் ரேஞ்சுக்கு எது பெஸ்ட் ரைஃபிள்?”

“யாருக்கு?” என்றேன்.

“பொதுவா.”

“பொதுவான்னு ஒரு ஆளு எங்க கடைக்கு வந்ததே இல்ல தம்பி.”

நான் பதில் சொல்லாமல் நழுவுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். விருந்து வீட்டில், கேக்குக்கும் பிரியாணிக்கும் நடுவில், அவரைத் தரையில் படுக்கச் சொல்ல முடியுமா? அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் மலேசியாவில், ஈப்போவில் டூல் மேக்கராக இருந்தவன். லேத்தும் மில்லிங் மெஷினும்தான் தெரியும். துப்பாக்கி வைத்திருந்து பிடிபட்டால் தூக்குமேடை வரை போகக்கூடிய நாட்டில் வளர்ந்தவன்; போலீஸ்காரர் இடுப்பில் தொங்குவதைத் தவிர வேறு துப்பாக்கியைப் பார்த்ததில்லை. நியூசிலாந்தின் ஆக்லாந்துக்குக் குடிவந்து, ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து, அதையும் மூடிய பிறகு, இரண்டாயிரத்துப் பத்துகளின் தொடக்கத்தில் ஹெதரின் பட்டறையில் போய் நின்றேன். கிளென் ஈடனில் எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். அவருக்கு லேத்தில் நுணுக்கமாக வேலை செய்யத் தெரிந்த ஆள் வேண்டும். எனக்குச் சம்பளம் வேண்டும். கோயிலில் யாராவது கேட்டால் “எஞ்சினியரிங் ஒர்க்‌ஷாப்” என்று சொல்லிவிடுவேன். துப்பாக்கிப் பட்டறை என்று ஒரு தடவை உண்மையைச் சொன்னேன். சொன்ன மாத்திரத்தில் எதிரில் நின்றவர் பிரசாதத் தட்டோடு இரண்டடி பின்னால் போனார்.

வேலை இதுதான்: கம்பெனியிலிருந்து வரும் ரைஃபிளை ஒரு குறிப்பிட்ட ஆளின் உடம்புக்குத் திருத்திக் கொடுப்பது. ரெடிமேட் சட்டையைத் தையற்காரர் பிரித்துத் தைப்பது மாதிரி. தோளில் பதியும் மரக்கட்டையின் நீளம், கன்னம் படியும் மேட்டின் உயரம், விசையின் இழுப்பு, குறிபார்க்கும் ஸ்கோப் உட்காரும் இடம் என்று எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். கட்டைக்குள் இரும்புப் பாகம் அசையாமல் உட்கார, இடையில் பசை ஊற்றிப் படுகை அமைப்பது என் பொறுப்பு. திருகாணியைத் தளர்த்தும்போது நுண்ணிய அசைவையும் காட்டும் டயல் கேஜின் முள் துள்ளினால் படுகை சரியில்லை என்று அர்த்தம். முள் சும்மா கிடக்க வேண்டும். அந்த முள் அசையாமல் கிடப்பதைப் பார்க்கும் சந்தோஷத்துக்காகவே நான் அங்கே இத்தனை வருஷம் இருந்தேன் என்றுகூடச் சொல்லலாம். மிருகம் எதையும் நான் சுட்டதில்லை. வேட்டைக்காரர்கள் நன்றி சொல்ல மான் இறைச்சி கொண்டுவந்து நீட்டுவார்கள், அதுவும் சரியாகப் புரட்டாசி மாதம் பார்த்து. வாங்கி ஃப்ரீசரில் வைத்துவிட்டு ஐப்பசிக்காகக் காத்திருப்பேன்.

வேலையில் சேரத் துப்பாக்கி லைசென்ஸ் வேண்டும். பாதுகாப்பு வகுப்பு, எழுத்துத் தேர்வு எல்லாவற்றிலும் தேறிவிட்டேன். கடைசியில் ஒரு போலீஸ் அதிகாரி வீட்டுக்கு வந்து நம்மைப் பற்றி நம் மனைவியிடம் தனியாக விசாரிப்பார். கமலா அவருக்காக வடை சுட்டு, பட்டுப்புடவை இல்லாத குறையாக உடுத்தி, சோபாவில் எதிரே உட்கார்ந்தாள். நான் சமையலறையில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

“உங்கள் கணவர் எப்படிப்பட்டவர்? கோபம் வருமா?” என்று கேட்டார் அதிகாரி.

நம் வீட்டில் விருந்தாளி வந்து புருஷனைப் பற்றிக் கேட்டால் என்ன நடக்கும்? புகழ்ந்தால் கண்பட்டுவிடும், தற்பெருமையாகவும் இருக்கும். ஆகவே கமலா, கல்யாணமான நாளிலிருந்து எல்லாரிடமும் சொல்வதையே அவரிடமும் சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் சொன்னாள்: “ஐயோ, கோபமா? கோபம் வந்துட்டா வீடு ரெண்டாப் போயிடும்!” சொல்லிவிட்டு வடைத் தட்டை அவர் பக்கம் தள்ளினாள். அதிகாரி தேநீர்க் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

லைசென்ஸ் நின்றுவிட்டது. “நான் என்னா தப்பா சொல்லிட்டேன்? எல்லாப் பொம்பளைங்களும் சொல்றதுதானே!” என்று கமலா ஒரு வாரம் அழுதாள். ஹெதர் இயந்திரங்களைத் துடைக்கும் வேலையை மட்டும் கொடுத்து என்னை வைத்திருந்தார். பிறகு வேறொரு அதிகாரி, வயதான அம்மாள், வந்தார். அவர் கோபம் வருமா என்று கேட்கவில்லை. “கடைசியாக எதற்குக் கோபப்பட்டார்? அப்போது என்ன செய்தார்?” என்று கேட்டார். கமலா யோசித்தாள். “இரும்புத் தோசைக்கல்லை நான் சோப்புப் போட்டுத் தேய்ச்சுட்டேன். அதுக்குக் கோவம். சாப்பிடாம ஷெட்டுக்குப் போயி உளியெல்லாம் தீட்டிக்கிட்டு இருந்தாரு. அப்புறம் வந்து தோசை இருக்கான்னு கேட்டாரு.” அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். லைசென்ஸ் வந்தது.

ஹெதரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. “முதல் பதிலில் தகவலே இல்லை. இரண்டாவது பதிலில் அளவு இருக்கிறது” என்றார். அவர் அப்படித்தான். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். காதில் எப்போதும் பென்சில். பாராட்டு என்றால் “ம்”, கண்டிப்பு என்றாலும் “ம்”. எது எது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

சேர்ந்த புதிதில், என் மேசையின் உயரம் சரியாக இருக்கிறதா என்று கேட்டார். “வெரி குட், வெரி குட்” என்றேன். மேசையோ என் தொடைக்குத்தான் வந்தது. முதலாளி காட்டிய இடத்தைக் குறை சொல்ல வாய் வருமா? மாதக்கணக்கில் குனிந்து வேலை செய்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவேன். ஒருநாள் நான் நிமிர்வதைப் பார்த்துவிட்டு, ஹெதர் நான்கு மரத்துண்டுகளை எடுத்துவந்து மேசைக் கால்களுக்கு அடியில் வைத்தார். “அடுத்த தடவை சொல்லு. ‘வெரி குட்’டை வைத்து என்னால் எதையும் செதுக்க முடியாது” என்றார்.

இப்போது கம்பளத்துக்கு வருகிறேன். படுத்தவரிடம் ஹெதர் கேட்பது துப்பாக்கியைப் பற்றி இருக்காது. எங்கே படுத்துச் சுடுவீர்கள், எதன்மீது ஏறிப் போவீர்கள், மழைக்கோட்டு தடிமனா, முதுகில் எவ்வளவு சுமை என்றெல்லாம் கேட்பார். பிறகு குண்டில்லாத ரைஃபிள் ஒன்றைக் காலி என்று திறந்து காட்டிக் கையில் கொடுப்பார். “கண்ணை மூடுங்கள். தோளில் வையுங்கள். கன்னத்தைச் சாயுங்கள். வசதியாக இருக்கிறதா? இப்போது கண்ணைத் திறங்கள்.” திறந்ததும் ஸ்கோப்புக்குள் முழு வட்டமும் வெளிச்சமாகத் தெரிய வேண்டும். கழுத்தை நீட்டியோ மடக்கியோ தேடினால் கட்டை அவருக்குப் பொருந்தவில்லை. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு தோளில் ஏற்றினால் உடம்பு துப்பாக்கிக்கு ஏற்றபடி வளைந்து கொடுத்துவிடும். மூடிக்கொண்டால் உடம்பு பொய் சொல்லாது என்பது அவர் கணக்கு.

ரைஃபிளின் ரகத்தைத் தேர்வது அதற்கும் பிறகுதான். பெரிய தோட்டா இருந்தால் பெரிய தூரம் என்பது எல்லாருக்கும் உள்ள ஆசை. தோளை உதைக்கும் துப்பாக்கிக்கு மனிதன் பயப்படுவான். பயந்தவன் விசையை இழுக்கும் முன்பே சிலிர்த்துக்கொள்வான். சிலிர்த்தால் குண்டு தூரம் போனாலும் குறிக்குப் போகாது. தாங்கக்கூடிய உதை உள்ளதை எடுத்து, நிறையச் சுட்டுப் பழகுகிறவனே கடைசியில் தூரத்தில் அடிக்கிறான். விருந்தில் சந்தித்த தம்பிக்கு ஒரே வரியில் பதில் வேண்டுமென்றால் இதை எடுத்துக்கொள்ளலாம்.

இனி அருளப்பன் கதை. என் வேலைக்காலத்தில் எங்களை ஆட்டிவைத்த ஆள் என்றால் அவர்தான்.

இலங்கையின் மன்னார்க்காரர். ஐம்பதைத் தாண்டியவர். ஆக்லாந்தின் தென்புறம் தகனினியில் மனைவி ஸ்டெல்லாவோடு இருந்தார். காட்டு ஆடுகளைக் கட்டுப்படுத்தும் ஒரு ஒப்பந்தக்காரரிடம் சுடுபவராக வேலை. இந்த நாட்டுக் காடுகளில் ஆடு என்பது வெளியிலிருந்து வந்து பெருகிய பிராணி. முளைக்கிற கன்றையெல்லாம் தின்றுவிடும். ஒரு மலைமுகட்டில் படுத்து எதிர்ச்சரிவில் மேய்வதைச் சுட வேண்டும். முந்நூறு மீட்டர் சாதாரணம். காயப்பட்ட ஆடு ஓடி எங்கோ கிடந்து சாவது பெரும் பாவம் என்று நினைப்பவர் அவர். ஒரே குண்டு, அந்த இடத்திலேயே விழ வேண்டும்.

அதற்கு முன் வருஷக்கணக்கில் அவர் மீன் பதனிடும் இடத்திலும் அலுவலகங்களைத் துப்புரவாக்கும் வேலையிலும் இருந்தவர். “மலைக்குப் போன பிறகுதான் அண்ணை நான் இஞ்ச மனுசனா இருக்கிறன்” என்று என்னிடம் சொன்னார். “கீழ எண்டா நான் வாய் திறந்தா எல்லாரும் ‘சொறி?’ எண்டு திருப்பிக் கேப்பினம். மலையில ஒருத்தரும் கேக்க மாட்டினம். மலைக்கு என்ர இங்கிலிஸ் விளங்கும்.”

அந்த வேலைதான் ஆட்டம் கண்டிருந்தது. குறி தவறத் தொடங்கியிருந்தது. புதிய பருவம் தொடங்கும் முன் கம்பெனி வைக்கும் சுடும் சோதனையில் தேறாவிட்டால் கீழே இறங்க வேண்டியதுதான். துப்பாக்கி தேய்ந்துவிட்டது, இன்னும் பெரியதாக ஒன்று வேண்டும் என்று கேட்டு எங்களிடம் வந்தார்.

ஹெதர் அவரைப் படுக்க வைத்தார். அவருடைய பழைய துப்பாக்கி, அவரைவிடப் பெரிய ஆள் யாரோ விட்டுப்போனது. கட்டை நீளம், உதையும் அதிகம். அவருக்குப் பெரியது வேண்டாம், சிறியதுதான் வேண்டும் என்று முடிவாயிற்று. உதை குறைந்த ரகம், குட்டையான குழல், முனையில் சைலன்ஸர். கட்டையை வெட்டிச் சுருக்கினோம். நான் படுகை அமைத்தேன். டயல் கேஜின் முள் தூங்கியது. கண்ணை மூடித் திறக்கச் சொன்னார் ஹெதர்.

“வட்டம் முழுதாகத் தெரிகிறதா?”

“யெஸ். ஃபுல் சேர்க்கிள். வெரி குட்.”

மைதானத்துக்குப் போனோம். அருளப்பன் சுட்டார். குண்டுகள் அட்டை முழுக்கச் சிதறிக் கிடந்தன. நான் படுத்து அதே துப்பாக்கியால் சுட்டேன், குண்டு பட்ட இடங்களை உள்ளங்கையால் மூடிவிடலாம். ஆகவே துப்பாக்கியில் கோளாறு இல்லை. பயந்து சிலிர்க்கிறாரோ என்று பார்க்க, ஹெதர் அவருக்குத் தெரியாமல் நல்ல தோட்டாக்களுக்கு நடுவில் மருந்தில்லாத வெறும் தோட்டா ஒன்றைக் கலந்து வைத்தார். பயந்தவனாக இருந்தால், விசை ‘டிக்’ என்று சும்மா விழும்போதும் குழல் முனை கீழே குத்தும். அருளப்பன் இழுத்தார். ‘டிக்’. முனை மயிரிழை அசையவில்லை. ஹெதர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து மறுபடி செருகினார். அது அவருக்கு ஒன்றும் புரியவில்லை என்பதற்கு அடையாளம்.

ஒன்றை மட்டும் அவர் கவனித்திருந்தார். கடைசி நொடியில் அருளப்பனின் கன்னம் கட்டையில் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்தில் படிந்தது. கன்னமேட்டை உயர்த்தினார். “எப்படி?” “வெரி குட்.” தாழ்த்தினார். “எப்படி?” “வெரி வெரி குட்.” வேண்டுமென்றே யாருக்கும் பொருந்தாத உயரத்தில் வைத்துப் பார்த்தார். “தேங்க் யூ, மேடம். வெரி குட்.” ஹெதர் என்னைப் பார்த்தார். “உன் மேசை கதைதான். இந்த ஆளிடம் உங்கள் மொழியில் கேள்” என்றார்.

கேட்டேன். எனக்கும் “ஓம் அண்ணை, வடிவா இருக்கு” என்றுதான் பதில் வந்தது. அதற்கு மேல் துருவ எனக்கும் நாக்கு எழவில்லை. விருந்தாளியை மடக்கிக் கேள்வி கேட்பது போலிருந்தது. இரண்டு தமிழர்கள் ஒருவருக்கொருவர் மரியாதை செய்துகொண்டு ஒரு மனிதனின் வேலையைக் குழியில் தள்ளிக்கொண்டிருந்தோம்.

அன்று சாப்பிடும்போது கமலாவிடம் புலம்பினேன். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே, “அவருகிட்ட கேட்டா எப்படிங்க சொல்வாரு? அவரு வீட்டுக்காரியக் கேளுங்க. ஆம்பளைங்களப் பத்தி உண்மை வேணும்னா பொண்டாட்டியத்தான் கேக்கணும். அந்தப் போலீஸ் அம்மாவுக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியலியா?” என்றாள். லைசென்ஸ் விஷயத்தில் என் மானத்தை வாங்கியவளே இப்படி அதிகாரியாகிவிட்டாள். ஆனால் அவள் சொன்னது சரி.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து அருளப்பனும் ஸ்டெல்லாவும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். கமலா நேராகக் கேட்கவில்லை. முதலில் என்னைப் பலி கொடுத்தாள். நான் குறட்டை விடுவது, கார் சாவியை எங்காவது வைத்துவிட்டு அவளைத் திட்டுவது, தோசைக்கல் விவகாரம் எல்லாம் வெளியே வந்தன. ஸ்டெல்லா முதலில் அடக்கமாகச் சிரித்தார். பிறகு அவருக்கும் உற்சாகம் வந்துவிட்டது.

“நீங்கள் சொல்லுறது என்ன அக்கா, இந்த மனுசனைப் பாருங்கோ. இப்ப கொஞ்ச நாளாத் தேத்தண்ணியைக் கோப்பைக்கு வெளியால ஊத்துது. புதுசா வாங்கின மேசை விரிப்பெல்லாம் கறை. பேப்பர் வாசிக்கேக்க கோழி மாதிரித் தலையைச் சரிக்கிறார். சொன்னாக் கேட்டால்தானே!”

“சும்மா இரு, ஸ்டெல்லா” என்றார் அருளப்பன்.

“ஏன் இருக்கோணும்? அண்டைக்கு இடது கண்ணுக்குள்ள தூசு விழுந்திட்டுது, அண்ணா. அதைக் கசக்கிக்கொண்டு என்னைப் பாத்து என்ன சொன்னவர் தெரியுமே? ‘ஸ்டெல்லா, உன்ர முகத்தைக் காணேல்லை, தோடு மட்டும் தெரியுது’ எண்டு. நான் பகிடி எண்டு சிரிச்சன்.”

நான் சாப்பாட்டில் வைத்த கையை எடுக்கவில்லை. தோடு தெரிகிறது, முகம் தெரியவில்லை. ஓரம் தெரிகிறது, நடு தெரியவில்லை. வலது கண்ணால் ஸ்கோப்புக்குள் பார்த்து அவர் “ஃபுல் சேர்க்கிள்” என்று சொன்னது பொய்யே இல்லை. வட்டத்தின் விளிம்பு முழுதாகத் தெரிந்திருக்கிறது. வட்டத்தின் நடுவில் குறி வைக்கும் சிலுவைக் கோடுகள்தான் இல்லை. அதைத் தேடித்தான் ஒவ்வொரு தடவையும் தலையை நகர்த்தியிருக்கிறார். எனக்கு ஒரே நேரத்தில் பரிதாபமும் கோபமும் வந்தது.

“ஏன் அருள் சொல்லல?”

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். “கண் எண்டு சொன்னா வேலை போயிடும் அண்ணை. அதோட, அந்த அம்மா அவ்வளவு பாடுபட்டுச் செய்து தந்திட்டு, எப்பிடி எண்டு கேக்கிறா. சரியில்லை எண்டு எந்த வாயால சொல்லுறது?”

ஸ்டெல்லா சிரிப்பதை நிறுத்தியிருந்தார். கமலா எழுந்துபோய் அவர் தோளில் கைவைத்தாள். அன்று யாரும் பாயசம் சாப்பிடவில்லை.

மறுவாரமே ஸ்டெல்லா அவரைக் கண் டாக்டரிடம் இழுத்துப் போனார். வலது கண்ணின் விழித்திரை நடுவில் ஓட்டை; அறுவைச் சிகிச்சை செய்து மூடலாம், ஆனால் பழைய கூர்மை திரும்பும் என்று சொல்ல முடியாது. இடது கண் ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. சிகிச்சை முடிந்து கண் ஆறியதும், ஹெதர் சொன்னபடி அருளப்பன் தன் மேற்பார்வையாளரிடம் உண்மையைச் சொன்னார். வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று அவர் நினைத்தார். “எந்தக் கண்ணால் சுட்டாலும் எனக்கு ஒன்றுதான், சோதனையில் தேறு” என்று சொல்லிவிட்டார் அந்த ஆள்.

ஹெதருக்கு இரண்டு வழி தெரிந்தது. ஒன்று, வலது தோளில் வைத்து இடது கண்ணால் பார்க்கும்படி வளைந்த கட்டை செய்வது. அப்படி ஒன்றை அவர் படத்தில் காட்டினார். காட்டுக்குள் தூக்கிக்கொண்டு திரிய ஆகாது. இன்னொன்று, எல்லாவற்றையும் இடப்பக்கத்துக்கு மாற்றுவது: இடது தோள், இடது கண், இடக்கை விரலில் விசை, தோட்டாவை ஏற்றும் போல்ட் இடப்பக்கம் உள்ள துப்பாக்கி. அருளப்பன் முகம் சுருங்கியது.

“இடக்கையாலயோ?” என்று என்னிடம் மெல்லக் கேட்டார்.

இடக்கையால் ஒரு வெற்றிலைகூட நீட்டாதவர். இதில் என்ன சங்கடம் என்று ஹெதருக்கு விளங்கவே இல்லை. நான் விளக்க முயன்று, பாதியில் விட்டுவிட்டேன். ஸ்டெல்லாதான் ஒரே போடாகப் போட்டார். “கடவுள் அந்தப் பக்கக் கண்ணைத்தானே மிச்சம் வச்சிருக்கிறார்? பிறகென்ன கதை!”

பயிற்சி தகனினியில் அவர்கள் கராஜில் நடந்தது. துப்பாக்கி காலியா என்று இருவரும் பார்ப்பார்கள். தோட்டா அந்த இடத்திலேயே இருக்கக்கூடாது. அருளப்பன் படுத்து, இடது தோளில் ஏற்றி, சுவரில் ஒட்டிய புள்ளியைப் பார்ப்பார். ஸ்டெல்லா குழலின்மேல் ஒரு நாணயத்தை வைப்பார். விசையை இழுக்கும்போது நாணயம் விழக்கூடாது. ஆரம்பத்தில் அது விழுந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் ஸ்டெல்லா, “விழுந்திட்டுது. அவசரப்படுறீங்கள். திரும்ப!” என்பார். ஹெதர் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்து, “எனக்கு இப்படி ஒரு பயிற்சியாளர் இருந்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன்” என்றார். அவரிடமிருந்து அவ்வளவு நீளமான பாராட்டை நான் கேட்டதே இல்லை.

புதிய கட்டையைப் பொருத்திப் பார்க்கும் நாள் வந்தது. ஸ்டெல்லாவும் கூட வந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு என் மேசைப் பக்கம் உட்கார்ந்தார். அருளப்பன் கம்பளத்தில் படுத்தார். கண்ணை மூடினார், தோளில் ஏற்றினார், கன்னத்தைச் சாய்த்தார், இடது கண்ணைத் திறந்தார்.

“எப்படி?” என்றார் ஹெதர்.

அருளப்பனின் வாய் ‘வெ’ என்று குவிந்தது. நான் பார்த்தேன். ஸ்டெல்லா தொண்டையைச் செருமினார். பிறகு அருளப்பன் கம்பளத்தைப் பார்த்தபடியே, கூச்சத்தோடு, ஆங்கிலத்தில் சொன்னார்: “நோ. நொட் குட். கன்னத்தில் இடிக்கிறது. கொஞ்சம் உயரம்.”

ஹெதர் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். எங்கே இடிக்கிறது என்று கேட்டு, அந்த இடத்தில் கோடு போட்டார். இழைப்புளியை எடுத்து இரண்டு இழைப்பு இழைத்தார். மறுபடி படுக்கச் சொன்னார். “இப்போது?”

“ஸ்டில் நோ,” என்றார் அருளப்பன். இந்தத் தடவை குரல் கொஞ்சம் துணிந்திருந்தது. “முன்னால் சரி. பின்னால் இன்னும் இருக்கிறது.”

“ம்!” என்றார் ஹெதர். அது பாராட்டு.

மரத்தூள் கம்பளத்தில் உதிர்ந்துகொண்டே இருந்தது. பிறகு ஒரு தடவை கண்ணைத் திறந்த அருளப்பன், ஒன்றும் சொல்லாமல் அப்படியே கிடந்தார். கழுத்து நீளவில்லை, தலை சரியவில்லை. ஹெதர் எப்படி என்று கேட்கவே இல்லை. ஸ்டெல்லா எழுந்து வந்து, குனிந்து அவர் முகத்தைப் பார்த்து, “இப்ப கோழி மாதிரி இல்லை” என்றார்.

சோதனை நாளில் நாங்கள் யாரும் போகவில்லை. போனால் அவருக்குக் கைநடுங்கும் என்று ஹெதர் தடுத்துவிட்டார். மத்தியானம் அருளப்பனே போன் செய்தார். முந்நூறு மீட்டரில் தொங்கவிட்ட இரும்புத் தட்டை ஒவ்வொரு குண்டும் அடித்ததாம். சொல்லிவிட்டு, “ஆனா விசை கொஞ்சம் பாரம் அண்ணை. அம்மாட்டைச் சொல்லுங்கோ, குறைக்கோணும்” என்றார். நான் சொன்னேன். ஹெதர் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டு வெகுநேரம் மூக்கைத் துடைத்தார்.

நான் ஓய்வு பெற்ற வருஷம், அந்த வசந்த காலத்தில், அருளப்பன் என்னையும் கமலாவையும் தன் மலைக்கு அழைத்துப் போனார். ஸ்டெல்லா வழியெல்லாம் புகார்தான். இப்போது அவர் வீட்டில் நிற்பதே இல்லை, ஃப்ரீசர் முழுக்க ஆட்டிறைச்சி, தேத்தண்ணியை இப்போது இடக்கையால் குடிக்கிறார், கேட்டால் பயிற்சி என்கிறார். கமலா ஒவ்வொன்றுக்கும் என்னை உதாரணம் காட்டினாள். இருவருக்கும் மூச்சு வாங்கவே இல்லை.

முகட்டுக்குக் கொஞ்சம் கீழே அருளப்பன் நின்று, ஒரு சரிவைக் காட்டினார். முன்பு ஆடு மேய்ந்து வெறும் மண்ணாகக் கிடந்த இடமாம். இப்போது முழங்கால் உயரத்துக்கு இளங்கன்றுகள் நெருக்கமாக நின்றன. எங்கள் பட்டறையில் இத்தனை வருஷம் நான் செய்ததெல்லாம் கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தது என்று அன்றுதான் கண்ணால் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது. உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

அருளப்பன் மேலே பாதையைக் காட்டினார். “இன்னும் கொஞ்சம்தான். ஏறுவமே? எப்பிடி அண்ணை, சரியா இருக்கோ?”

“ரொம்ப நல்லா...” என்று என் வாய் பழக்கத்தில் ஆரம்பித்துவிட்டது. மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“இல்ல அருள்” என்றேன். “வலது முட்டி வலிக்குது. ரொம்ப வேகமாப் போறீங்க.”

அவர் தோள்பையை இறக்கிக் கீழே வைத்தார். கையை நீட்டினார். இடக்கை. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். நாங்கள் மெதுவாக ஏறினோம்.